பெரியம்மாவிடம் சொல்லாத நோய்

பெரியம்மாவுக்கு வந்திருந்த நோய் என்னவென்று எங்கள் குடும்பத்தில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒன்பது வயதான எனக்குக்கூட. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

யுத்த காலம் அது. மாதக் கணக்காக அவருக்கு வெளிக்குப் போகும்போது இரத்தம் போயிற்று. மூலம் என்று சொல்லிப் பரியாரி கொடுத்த சூரணத்தையெல்லாம் தின்று, உடம்பு பாதியான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்குத்தர் முடிவை அவரிடம் சொல்லவில்லை. பெரியப்பாவையும், தெல்லிப்பழையில் இங்கிலிஷ் படிப்பித்த மாமாவையும் விறாந்தைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். இருவரும் பெரியம்மாவிடம் வயிற்றுச் சூடு என்றார்கள். அன்று பின்னேரம் மாமா என் அம்மாவிடம், "குடலிலை புற்று. அக்காவிட்டை மூச்சு விடக்கூடாது" என்றதை வைக்கோற் போருக்குப் பின்னால் நின்ற நான் கேட்டுவிட்டேன்.

அதன் பிறகு வீடே மாறிப்போயிற்று. பெரியம்மாவைக் கிணற்றடிக்கு விடவில்லை, வெங்காயத் தோட்டத்துக்கு விடவில்லை. சண்டைபிடித்து மூன்று வருடமாக முகம் பாராத மச்சாள் ஒருத்தி இடியப்பம் அவித்துக்கொண்டு வந்தாள். இருபது வருடமாகப் புளி கூடிப்போச்சு, உறைப்புக் குறைஞ்சுபோச்சு என்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிய பெரியப்பா தலை குனிந்து தின்னத் தொடங்கினார்.

ஒரு நாள் மத்தியானம் பெரியம்மா கேட்டார்: "கத்தரிக்காய்க் கறி எப்பிடி?"

"நல்லாயிருக்கு."

"நான் உப்பே போடேல்லை."

பெரியப்பா கை கழுவ எழும்பிப் போய்விட்டார். பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ சொல்லு. எனக்கு என்னவாம்?"

நான் சொன்னேன்.

அவர் அழவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் வண்டிலைப் பூட்டச் சொன்னார். மாமா ஓடிவந்து படலையை மறித்தார்.

"அக்கா, நீங்கள் பயந்துபோவியள் எண்டுதான்..."

"வருத்தம் எனக்கு. கதைக்கிறது மட்டும் நீங்களோ? தள்ளி நில்."

இந்தச் சாதிசனத்தில் பொய் சொல்லாத ஆள் நான் ஒருத்திதான் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். மாமா சைக்கிளில் பின்னால் வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் மாமாவைப் பார்த்து இங்கிலிஷில் தொடங்கினார். பெரியம்மா மேசையில் தட்டினார்.

"டாக்குத்தர், வயிறு இஞ்சை இருக்கு."

அவர் பேனையை வைத்துவிட்டு முதல் தடவையாகப் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தமிழில் எல்லாவற்றையும் சொன்னார்.

"வெட்டினால் சுகம் வருமோ?"

"தெரியாது அம்மா. திறந்து பாத்தால்தான் எவ்வளவு பரவியிருக்கெண்டு தெரியும். வெட்டி எடுத்தாலும் திரும்பி வராதெண்டு நான் சொல்லமாட்டன்."

"வெட்டாட்டி?"

"குடல் அடைபடும்."

"அப்ப வெட்டுங்கோ. தோட்டத்திலை வெங்காயம் கிண்டி முடிய வாறன்."

"அவ்வளவு நாள் பொறுக்க ஏலாது."

"எண்டால் திங்கட்கிழமை."

திங்கட்கிழமை வெட்டினார்கள். அதற்குப் பிறகு பெரியம்மா ஐந்து வெங்காயப் போகம் கண்டார். வயிறு சற்று நொந்தாலும் அதுதானோ என்று பயந்தார். பயமாயிருக்கிறது என்று வாய்விட்டே சொன்னார். அவரிடம் எதையும் மறைக்க ஒருவரும் துணியவில்லை.

ஆனால் வெட்டுவதற்கு நாள் குறித்த அன்று திரும்பி வரும்போது எனக்கு டாக்குத்தர்மேல் பொல்லாத கோபம். இவ்வளவு படித்து, கழுத்தில் குழாயும் போட்டுக்கொண்டு, தெரியாது என்று சொல்ல அந்த மனுசனுக்கு வெட்கமில்லையா? வண்டில் குலுங்கக் குலுங்க அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன். பெரியம்மாவும் சேர்ந்து திட்டுவார் என்று திரும்பிப் பார்த்தேன். வாரக் கணக்காக நித்திரையில்லாமல் புரண்டவர், வாய் திறந்தபடி குறட்டை விட்டு உறங்கிக்கொண்டிருந்தார்.

பாவம், டாக்குத்தர் சொன்னது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.