சிகரத்து நோட்டு

பவேரிய ஆல்ப்ஸ், ஆகஸ்டு 1974.

மேல் ஏரியிலிருந்து 3117 காலடி எண்ணி வைத்துச் சிகரத்தில் நிற்கிறேன். "ஏரியோட போதும்ப்பா" என்று நான்கு முறை சொன்ன மகள், மியூனிக்கில் ஆராய்ச்சி செய்பவள், பின்னால் மூச்சு வாங்க வருகிறாள்.

உச்சியில் நட்டிருக்கும் சிலுவையடியில் தகரப் பெட்டிக்குள் ஒரு நோட்டு. ஏறி வந்தவர்கள் பெயர் எழுதுவது இங்கே வழக்கம். நாற்பத்திரண்டு பக்கம் புரட்டுகிறேன். தமிழ் ஒரு வரிகூட இல்லை. மழை வருவதற்குள் எழுத வேண்டும். குளிரில் விரல் மரத்துப் பென்சில் நழுவுகிறது.

"குடுங்கப்பா, நான் எழுதறேன்."

"ஏறினது நான். நீ சும்மா இரு."

பக்கத்தில் ரொட்டி தின்னும் உள்ளூர்க்காரர் சிரித்தபடி பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்து ஏதோ சொல்கிறார்.

"முதல்ல கை சூடாகட்டுமாம். அவர் மருமகன் ஏரியிலேயே உட்கார்ந்துட்டாராம்ப்பா!"

குடித்துவிட்டுப் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதுகிறேன். வயதுக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுபத்தொன்று என்று எழுதி, அடிக்கோடும் போடுகிறேன்.