கெட்ட குமாரன் நாடகத்தில் அத்தை கேட்ட கேள்வி

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சபையில் கெட்ட குமாரன் கதையை இசை நாடகமாகப் போட்டபோது எனக்குக் கிடைத்த வேடம் பன்றி. உரச் சாக்கில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிவிட்டார்கள். காது மட்டும் அட்டையில் வெட்டியது. வேதாகமத்தில் வரும் அந்தக் கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு தகப்பனுக்கு இரண்டு மகன்கள். இளையவன் தன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூர தேசம் போய், எல்லாவற்றையும் அழித்து, பன்றி மேய்க்கிற நிலைக்கு வந்து, கடைசியில் வீடு திரும்புகிறான். தகப்பன் அவனைக் கட்டிப்பிடித்து, கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார். வீட்டோடு கிடந்து உழைத்த மூத்தவனுக்குக் கோபம் வருகிறது. அந்தத் தகப்பனாக நடித்தவர் என் அப்பா. அதனால் மற்றப் பன்றிகளை நான் கொஞ்சம் அலட்சியமாகத்தான் பார்த்தேன்.

அப்பா கவ்வாத்து மலையில் வேலை செய்தார். நாள் முழுவதும் தேயிலைச் செடியை வெட்டிவிட்டு வருகிறவரிடம் எதைக் கேட்டாலும் பாதி வார்த்தைதான் வரும். வாயில் கொழுக்கட்டையா என்று அத்தை திட்டுவாள். ஆனால் பாட்டென்றால் குரல் கணீரென்று எழும்பும். தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் உபதேசியார் அந்தக் குரலுக்காகத்தான் அவரைப் பிடித்துப் போட்டார்.

அத்தை அப்பாவின் அக்கா. மாமா காலமான பிறகு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவள். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்கு நான்கோ ஐந்தோ வயது. அன்றிலிருந்து எனக்குத் தலை சீவிவிட்டது, காய்ச்சலில் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடியது, காலையில் ரொட்டி தட்டி வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனது எல்லாம் அத்தைதான். அவள் கை காய்த்துப்போன கை. பேன் பார்க்கும்போது தலை எரியும்.

நாடகத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒரு செய்தி வந்தது. அப்போது நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் கைப்பேசி வைத்திருந்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். அப்படி ஒரு வீட்டுக்கு வந்த அழைப்பு அது. அம்மா வேலை செய்த வீட்டைவிட்டு வெளியேறிவிட்டாளாம், எம்பசியில் இருக்கிறாளாம், டிக்கெட் கிடைத்தால் அனுப்பிவிடுவார்களாம். ஏன் வெளியேறினாள் என்று அழைத்தவருக்கும் தெரியவில்லை. தெரியாத இடத்தை லயத்தில் ஆளுக்கொரு கதை சொல்லி நிரப்பிக்கொண்டார்கள். நான் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். எனக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தைக்கு அந்தக் கதைகள் எல்லாம் காதில் விழுந்தன. "வந்தா அவ ஆத்தா வீட்டுக்குப் போகட்டும். இங்க வேணாம். பொம்பளப் புள்ளய வச்சிக்கிட்டு ஊரு வாய்க்கு நான் பதில் சொல்ல ஏலாது" என்று அவள் அடுப்படியில் சொன்னதை நானே கேட்டேன். அப்பா நாடகத்து அங்கி தைக்கக் கொடுத்த துணியைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா வரப்போகிறாள் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. எந்த வீட்டுக்கு என்று ஒரு பெரிய கேள்வி நடுவில் நிற்பது விளங்கவில்லை.

நாடகம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில். கோயில்காரர்கள், சபைக்காரர்கள் என்று பார்க்காமல் மூன்று லயத்துச் சனமும் பாயும் படங்குச் சாக்குமாக வந்து உட்கார்ந்துவிட்டது. குடும்பத்தோடு பார்க்கக்கூடிய நாடகம் என்று உபதேசியார் மைக்கில் திரும்பத் திரும்ப அறிவித்தார். அதற்காகவே இளையவன் கெட்டுப்போகிற பகுதியில் சாராயம், சீட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அவன் வசந்த காலத்து நுவரெலியாவுக்குப் போய்க் குதிரை ஏறி, ஏரியில் படகு விட்டு, ஐஸ்கிரீம் தின்றே சொத்தை அழிப்பதாகப் பாட்டுக் கட்டியிருந்தார். கெட்டுப்போக வேண்டும் என்ற ஆசை அங்கிருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அன்றுதான் வந்தது.

பன்றிகள் நன்றாகவே செய்தோம். பிறகு இளையவன் கந்தல் துணியோடு வந்து முழங்காலில் விழுந்து பாட ஆரம்பித்தான். இரண்டு சரணம் முடிந்ததும் அப்பா எழுந்து போய் அணைக்க வேண்டும். முதல் சரணம்கூட முடியவில்லை. கூட்டத்தின் நடுவிலிருந்து அத்தை எழுந்தாள்.

"தம்பி, கொஞ்சம் நில்லு."

உபதேசியார் திடுக்கிட்டுப் போனார். டவுன்காரர், அவருக்கு எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியாது. கூத்துப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். வேடம் கட்டியவரைக் கூட்டத்திலிருந்து கேள்வி கேட்பதும், அவர் பாட்டை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வதும் எங்களுக்குச் சாதாரணம். பதில் சொல்லாமல் ஆட்டத்தைத் தொடர்ந்தால்தான் மரியாதைக் குறைவு.

"எங்க போன, என்னா செஞ்ச, யாரோட இருந்தன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா? அப்பிடியே வீட்டுக்குள்ள விட்டுருவியா?" என்றாள் அத்தை.

கூட்டத்தில் ஒரே இரைச்சல். அக்கா கேட்பது நியாயம் என்று கங்காணி எழுந்தார். சொல்லாமல் கொள்ளாமல் போனவனைத் திரும்பச் சேர்த்தால் நாளைக்கு ஒருவனும் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வரமாட்டான் என்றார். "ஒங்க வீட்டுப் புள்ள போயிருந்தா இப்பிடிப் பேசுவீங்களா, கங்காணி?" என்று மகளைக் கொழும்புக்கு அனுப்பியிருந்த ஒருத்தி படங்கை உதறிக்கொண்டு எழுந்தாள். பிள்ளைகள் பார்க்கிற நாடகத்தில் தப்புச் செய்தவனுக்கு விருந்தா என்று சிலர், வேதத்தில் உள்ளதை மாற்றச் சொல்ல நீங்கள் யார் என்று சிலர். எதிர் எதிர்ப் பாயில் உட்கார்ந்திருந்த புருசனும் பெண்சாதியும்கூட இரண்டு கட்சியானார்கள். குடும்பத்தோடு வந்த இடத்தில் குடும்பத்துக்குள்ளே சண்டை போடாதீர்கள் என்று உபதேசியார் மைக்கில் கெஞ்சினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவின் பாட்டு முழுவதும் எனக்குப் பாடம். மறந்துவிட்டார் என்று நினைத்து, பன்றிக்குரிய இடத்தில் இருந்துகொண்டே, "அப்பா, பாட்டப் பாடுங்க" என்று சாக்குக்குள்ளிருந்து எடுத்துக்கொடுத்தேன்.

அப்பா பாடவில்லை. பஞ்சுத் தாடியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மைக்குக்குக் கிட்ட வந்தார். "கேட்டா என்னாக்கா ஆகப்போவுது? போன எடத்துல என்னா பாடுபட்டுச்சோ. மொதல்ல வந்து ஒரு வாய் சோறு திங்கட்டும். சொல்லணும்னு தோணுனா அதுவா சொல்லும்."

"ஊரு என்னா சொல்லும்?"

"ஊருதான் இந்தா ஒக்காந்திருக்கே. கேட்டுக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. அவள் குரல் இறங்கியது. ஆனால் மடுவத்தில் எல்லோருக்கும் கேட்டது. "சரி தம்பி. போனவுகளுக்கு விருந்து. வீட்டோட கெடந்து செத்த மூத்ததுக்கு என்னா?"

நாடகப்படி இது மூத்த மகனுடைய வசனம். அவன் வாயைத் திறந்துகொண்டு ஓரத்தில் நின்றான்.

மைக்கில் அப்பாவின் மூச்சு கேட்டது. அவர் அத்தைக்கு ஒரு நாளும் நன்றி என்று சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லும் பழக்கமும் இல்லை. "நீ இல்லாட்டி வீடு ஏதுக்கா?" என்றார். "எம்புள்ளய வளத்தது நீதான். நீ வேணாம்னா நான் வாசக்கதவத் தெறக்க மாட்டேன். தெறன்னு நீ சொல்லணும். அதுக்குத்தான் நிக்கிறேன்."

அத்தை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தெற என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பா அப்படியே நின்றார். முழங்காலில் இருந்த இளையவனுக்குக் கால் மரத்துப்போய், அவனே எழுந்து வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். தப்பு மேளம் அடிக்கிறவர் இதுதான் சமயம் என்று விருந்துக்குரிய அடியை அடித்துவிட்டார். கொழுத்த கன்றாக நடிக்க இருந்த பையன்கள் முன்காலும் பின்காலும் வேறு வேறு திசையில் ஓடிவர, நாடகம் முடிந்தது. பன்றிகள் வணக்கம் சொல்ல யாரும் விடவில்லை.

வழி நெடுக வாதம் நடந்தது. அத்தை முன்னால் நடந்தாள். நாடகத்தைக் கெடுத்தவள் என்று அவள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். பாட்டை மறந்த அப்பா மேலும்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தை ஆராதனைக்குப் போகவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்து, அம்மாவின் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் பொருளை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று ஓடிப்போய்ச் சேலைகள் மேல் விழுந்தேன்.

"எங்கம்மா சீலையத் தொடாதீங்க."

"பூஞ்ச வாடை அடிக்குது, தள்ளு" என்று என்னைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு, வாளியையும் சேலைகளையும் எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். அப்பாவிடம் போய் முறையிட்டேன். அவர் பீலிப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கயிற்றைத் தேடி எடுத்தார். அவரும் கூட்டுத்தான் என்று எனக்கு அழுகை பொங்கியது. பகல் சோறு வேண்டாம் என்று மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் துணிகளை எப்போதும் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூட்டுப் பக்கம்தான் காயப்போடுவோம். அன்று அத்தை அப்பாவை முன்வாசலில் கயிறு கட்டச் சொன்னாள். லயத்துச் சனம் முழுவதும் வந்து போகிற பாதை அது. மழைச் சாரல் வந்தால் எடுப்பதும், வெயில் எட்டிப் பார்த்தால் திரும்ப விரிப்பதுமாக நாள் முழுவதும் அங்கேயே நின்றாள். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி யாருடைய சேலை என்று கேட்டதும் அத்தை அம்மாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். மாதங்கள் கழித்து அம்மா வந்தபோது அந்தச் சேலைகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் பீலிக்குப் போனாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, என் அம்மாவின் துணியை ஊரெல்லாம் பார்க்கும்படி தொங்கவிடுகிறாளே என்று உள்ளேயிருந்து நான் அத்தையை முறைத்துக்கொண்டிருந்தேன்.