சிதம்பரம் கண் முகாமும் நான் இருந்த விரதமும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். கண் ஆபரேஷனுக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் போக நினைக்கிறவர்களுக்கு வழி, நேரம், செலவு எல்லாம் சொல்கிறேன். கூடவே நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்ல வாய் கூசுகிறது.

2010 ஜூலை, ஒரு புதன்கிழமை. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. கிறிஸ்தவத் தொண்டுக் குழு ஒன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை இல்லாதப்பட்டவர்களை வேனில் அழைத்துப் போய், ஆபரேஷன் முடித்துக் கூட்டி வருகிறது. நம்மிடம் காசு கேட்பதில்லை. வேலை செய்கிறவர்களுக்கும் சம்பளம் கிடையாது, லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். நிலமெல்லாம் போய் மகன் வீட்டில் ஒண்டியிருப்பவன் நான். பெயர் கொடுத்தேன்.

காலை ஆறு மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில் வேன். அந்த மாத முகாமுக்கு அதுதான் கடைசி நடை, நோயாளிகள் இரண்டே பேர். முதுநகரில் பச்சையம்மாள் ஏறினாள். மீன் விற்கிறவள், தனி ஆள். ஒரு கண் முன்பே போய்விட்டது, மிச்சக் கண்ணிலும் புரை.

"சன்னலோரம் புடிச்சிட்டீங்களா மாமா? புடிங்க, புடிங்க. நான் ஒக்காந்தா மட்டும் என்னா தெரியப் போவுது" என்று சிரித்தாள்.

ஆலப்பாக்கம் தாண்டி, ஏழு மணி சுமாருக்கு வேனை ஓரங்கட்டி இட்லி கொடுத்தார்கள். பரிமாறியவர் செல்வி டீச்சர், குழுவைச் சேர்ந்தவர். "எங்க வூட்ல சுட்டதுங்கய்யா, சூடா இருக்கு" என்றார். என் கண்தான் மங்கியிருந்தது, காது மங்கவில்லை. அந்தக் குரல்வாகு மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் களத்தில் நெல் தூக்கிய சின்னப்பனுடையது.

"நீ காலனி சின்னப்பன் மவளா?"

"ஆமாங்கய்யா. அப்பா ஒங்க களத்தப் பத்தி நெறைய சொல்லுவாரு."

என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். குனிந்து கையேந்தி நின்ற அவருக்கு, மேலே பட்டுவிடாமல் உயரத்திலிருந்து கஞ்சி ஊற்றியவன் நான். அப்போது அவரை 'அவர்' என்று நான் சொன்னதும் இல்லை.

இலை என் மடிக்கு வந்துவிட்டது. கை நீளவில்லை. "இன்னிக்கு வெரதம்மா. சிதம்பரம் போறமில்ல, நடராஜருக்கு" என்றேன். என் பொய்க்குச் சாமியைத் துணைக்கு இழுத்தேன்.

"பிஸ்கட்டாவது சாப்புடுங்கய்யா. கடைப் பாக்கெட்டுதான், பிரிக்கல."

விரதம் என்று சொன்ன வாய் பிஸ்கட்டை எப்படித் தின்னும்? வேண்டாம் என்றேன். முந்தின இரவும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

புதுச்சத்திரம் நெருங்கும்போது உடம்பெல்லாம் வியர்த்தது. அப்படியே சரிந்துவிட்டேன். பக்கத்திலிருந்த ஓர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். எட்டரைக்குப் போய்ச் சேர வேண்டிய வேன் பத்தே முக்காலுக்குத்தான் சிதம்பரம் சேர்ந்தது.

"இவ்ளோ லேட்டா வந்தா எப்புடி? ஒரு கட்டில்தான் பாக்கி. யாரு தங்கறீங்க?" என்றார் நர்ஸ்.

செல்வி டீச்சர், "பச்சையம்மாவுக்கு இருக்கறதே ஒத்தக் கண்ணுதான்" என்று ஆரம்பித்தார்.

பச்சையம்மாள் விடவில்லை. "வாணாம் டீச்சர், மாமாவுக்கே குடுங்க. சாமிக்கு வெரதம் இருந்து மயங்கி வுழுந்த மனுசன். அந்தப் பாவம் எனக்கு எதுக்கு? நான் அடுத்த வாட்டி வரேன்."

விரதம் பொய் என்று சொல்லியிருந்தால் கட்டில் அவளுக்குப் போயிருக்கும். நான் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டேன். அவள் வேன் கதவைத் தடவித் தடவி ஏறித் திரும்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை கட்டு அவிழ்த்தபோது எதிரில் இட்லித் தட்டோடு செல்வி டீச்சர். "எம்மேல கோவமாம்மா?" என்று கேட்டேன்.

"கோவப்பட்டு மாளுமாங்கய்யா? ஒவ்வொரு நடையிலயும் யாருக்காவது வெரதம் வந்துடுது. அதுக்குத்தான பிரிக்காத பாக்கெட் வச்சிருக்கோம்" என்றார், சிரித்துக்கொண்டேதான். நான் இட்லியைப் பிட்டு வாயில் போட்டேன்.

அக்டோபர் முகாமுக்குப் பச்சையம்மாளோடு துணைக்குப் போனேன். அவள் இடது ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. "மீனுன்னு நெனச்சி அரிஞ்சிட்டேன் மாமா. நல்ல வேள, யாரும் வாங்கிட்டுப் போவல" என்றாள். அதே இடத்தில் இட்லி வந்தது. "இன்னிக்கும் வெரதமா மாமா?" என்றாள். இல்லை என்று சொல்லி நாலு இட்லி தின்றேன்.

போகிறவர்களுக்கு: முதுநகரிலிருந்து சிதம்பரம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். நான் போனபோது பதினேழு ரூபாய். வேனில் செலவே இல்லை. ஒன்பதுக்குள் போய்விடுங்கள், கட்டில் காத்திருக்காது. ரேஷன் கார்டு ஜெராக்ஸ், இரண்டு கைலி, ஒரு துண்டு போதும். அவர்கள் சொல்லும்வரை தலைக்குக் குளிக்கக் கூடாது. வேனில் கொடுப்பதைச் சாப்பிடுங்கள்.

பச்சையம்மாளுக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது. செவுளைப் பார்த்தே மீனுக்கு விலை சொல்கிறாள். நான் அந்தப் பக்கம் போனால், சாமிக்காக உயிரையே விடத் துணிந்த மனுசன் என்று பக்கத்தில் மீன் விற்கிறவர்களிடம் காட்டுகிறாள். நான் தலையாட்டிவிட்டு வருகிறேன். அவளுக்கும் படிக்கத் தெரியாது. இதை இங்கே சொல்ல எனக்குத் தைரியம் வந்ததே அதனால்தான்.