மாத்திரைக்கும் ஒருசந்தி

கனடாவில், இந்த மொந்ரெயாலில், மருந்து விலை ஏறினால் மன்னிப்புக் கேட்கிறார்கள். போன மாதம் என் மூட்டுவலி ஊசிமருந்தை எடுத்துக் கொடுத்த மருந்துக்கடைப் பெண் நெளிந்தாள். "பணவீக்கம், முஸ்யே. அதற்கு மேல் ஏற்றவில்லை" என்றாள். காப்புரிமை உள்ள மருந்தின் விலை விலைவாசிக் குறியீட்டைத் தாண்டினால் இங்கே ஏன் என்று கேட்க ஆள் உண்டு. ஆரம்ப விலை இங்கேயும் அநியாயம்தான்; ஏற்றத்துக்காவது ஒரு கடிவாளம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலி செய்வதாக நினைத்து அவள் முகம் சுண்டிப்போனது. என் ஊர் புதுச்சேரியை அவளுக்கு எப்படி விளக்குவேன்?

அங்கே மூலக்குளத்தில் இருக்கும் என் அக்கா மதலேனுக்கு ரத்தப் புற்று. தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை. காப்புரிமை மருந்து, செய்வது ஒரே கம்பெனி. ஈஸ்டர் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது, ராத்திரி இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு "எனக்கு வேணாம், ஒருசந்தி" என்றாள். தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் உண்பது எங்கள் வீட்டு வழக்கம். தவக்காலம் முடிந்து மூன்று வாரம் ஆகியும் என்ன ஒருசந்தி? அலமாரியைத் திறந்தேன். தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் பாதி மாத்திரை அப்படியே இருந்தது.

"ஒருநாள் விட்டு ஒருநாள் போடறேன்டா. ராத்திரி சாப்பிடலன்னா மாத்திரையும் இல்ல. சாமி பேரச் சொன்னா உங்க மாமா வாயத் தொறக்க மாட்டாரு."

"அப்படிப் போடலாம்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

"டாக்டர் சொல்லல. அட்டையில போட்டிருக்கற வெல சொல்லுச்சு."

மறுநாள் மருந்துக்கடையில் போய்க் கனடாச் சட்டத்தை முழங்கினேன். கடைக்கார பாய் பொறுமையாகக் கேட்டார். "இங்கியும் குறியீடு இருக்குதுண்ணே. கவர்மெண்டு பட்டியல்ல இருக்கற மருந்துக்குத்தான் அது. உங்க அக்கா மருந்து அதுல இல்ல. எங்கிட்ட சண்ட போட்டா வெல எறங்குமா?"

அவர் சொன்னது நியாயம். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். சண்டை போடக்கூட ஊரில் ஆள் இல்லை. அவள் ரத்தத்தில் இருக்கும் நோய் பட்டியல் பார்த்தா வந்தது?

இனி மருந்துச் செலவு என்னுடையது என்றேன். "இந்த வருஷம் குடுப்ப. ஏறிக்கினே போனா?" என்றாள் அக்கா.

இப்போது மொந்ரெயாலில் என் வேலையிடத்தில் காலை இடைவேளை விடும் நேரமும் அவள் இரவுச் சாப்பாடு முடியும் நேரமும் ஒன்று. வீடியோவில் மாத்திரையை விழுங்கிக் காட்டச் சொல்கிறேன்.

"எம்மேல நம்பிக்க இல்லியாடா?"

"வெல மேல இல்லக்கா."

வாயைத் திறந்து நாக்கைத் தூக்குகிறாள். கூட வேலை செய்பவர்கள் காப்பியும் கையுமாகப் பனியைத் திட்டிக்கொண்டிருக்க, குளிர்கோட்டு மாட்டிய நான் மூலக்குளத்தில் ஒரு வாய்க்குள் மாத்திரை தேடிக்கொண்டு நிற்கிறேன்.