மச்சான் வாசித்த கோளாறு

அந்த டேப் ரிக்கார்டரை நான் அன்றைக்கே தூக்கிப் போட்டு உடைத்திருக்க வேண்டும். பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதையை ஒட்டிய எங்கள் மரவீட்டில், மியூசிக் பாண்டில் இருந்த நாலு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்துதான் பாட்டுப் படிப்போம். கப்பலில் போய்வருகிறவர்கள் கொண்டுவரும் தமிழ்ப்பாட்டுக் கேசட்டுகள். நோட்டு கிடையாது, காது மட்டும்தான். கோயில் திருவிழாவுக்குள் பத்துப் பாட்டாவது கைக்கு வந்தாக வேண்டும். வேலை முடிந்து சாயங்காலம்தான் உட்கார முடியும். அந்த நேரம் பார்த்துத் தெருவே சோறு பொங்க மின்னடுப்பைப் போடும். ‘மீ’ என்று நாங்கள் சொல்லும் கரண்ட் அப்படியே படுத்துவிடும். கேசட் இழுக்கும். சுருதி இறங்கும், ஆடும், பிறகு மெல்ல ஏறும். அந்த ஆட்டத்தையும் சேர்த்தேதான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எங்களில் லீட் கிட்டார் வாசித்தவர்தான் பின்னால் எனக்கு மச்சான் ஆனார், என் மனைவியின் அண்ணன். அவர் அந்த ஆட்டத்தை அப்படியே கையில் எடுத்தார். கம்பியை முன்கூட்டியே மேலே தள்ளிப் பிடித்துக்கொள்வார், மீட்டுவார், பிறகு அது தளர்ந்து தளர்ந்து கீழே வருகிறவரை விடமாட்டார். பக்கத்தில் இரண்டாம் கிட்டாரோடு நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரண்ட் கோளாறைப் போய் யாராவது வாசிப்பார்களா? எனக்குச் சந்தேகம் வந்து, ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு ரேடியோக் கடையில் அதே கேசட்டைப் போட்டுக் கேட்டேன். நினைத்தது சரி. பாட்டு ஆணி அடித்ததுபோல் நேராக நின்றது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு பாட்டையும் தனியே உட்கார்ந்து திருத்திக்கொண்டேன். அவர் தப்பாகவே வாசித்துச் சீரழியட்டும் என்று விட்டுவிட்டேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு ஒரு பர்மியப் பாட்டு ஸ்டூடியோவில் கிட்டாருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. இரண்டு பேரும் போனோம். கேசட் பாட்டொன்றை நான் ஒரு பிசிறு இல்லாமல் வாசித்தேன். எல்லோரும் சாயா என்று மரியாதையாகக் கூப்பிடும் அந்த ஸ்டூடியோக்காரர், “நீ வாசிச்சத நான் கேசட்லயே கேட்டுக்குவேனே” என்று பர்மியில் சொன்னார். அடுத்து மச்சான் இழுத்தார், ஆட்டினார். சாயா கண்ணை மூடிக்கொண்டார். அன்றோடு முடிந்தது என் கதை. மச்சான் ஸ்டூடியோவுக்குப் போனார். நான் லைங் தாயாவில் தையல் மெஷின் பழுது பார்க்கப் போனேன். என் கல்யாணப் பந்தியில் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்து, “மாப்பிள்ளை கை ரொம்ப சுத்தம், டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்” என்றாரே, அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இன்றைக்கு ஆளாளுக்கு அந்த ஆட்டத்தை அவருடைய தனித்தன்மை என்கிறார்கள். அது என்ன கழுதை தனித்தன்மை? சொந்தமாக ஒரு ஸ்வரம் போட்டாரா? மின்னடுப்பில் சோறு பொங்கிய பெண்களுக்குச் சேரவேண்டிய பேர் அது. வெளியாள் சொன்னால் போகட்டும் என்று விடலாம். பெற்ற மகளே சொன்னால்? என் மகளுக்குத் தமிழ் காதில் ஏறும், நாக்கில் பர்மிதான் ஓடும். அவள் கிட்டார் பைத்தியம். மாமாவைப் பற்றி ஒரு வீடியோ எடுக்கிறேன் என்று கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். இவளுக்காவது உண்மை தெரியட்டும், ஸ்டூடியோவில் தோற்றவன்தான் சரியாக வாசித்தவன் என்று என் மகள் ஒருத்தியாவது நம்பட்டும், எனக்கு அது போதும்.

தாகேதாவில் மச்சான் வீட்டு முன்னறையில், மத்தியானம், அவள் போனைத் தூக்கிப் பிடித்துப் பர்மியில் கேட்டாள். “மாமா, இந்த ஸ்டைல் எப்படி வந்திச்சி?”

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் புகுந்துவிட்டேன். “நான் சொல்றேம்மா. மீ வீக்கு. கேசட் இழுத்திச்சி. அது தப்புன்னுகூட தெரியாம ஒன் மாமா அதையே வாசிச்சாரு. நான் ஜெனரேட்டர் கடைல கேட்டேன், பாட்டு நேராத்தான் இருந்திச்சி.” முப்பது வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன்.

மச்சான் முகம் சுண்டும் என்று பார்த்தேன். அந்த மனுஷன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “தெரியும் மாப்பிள்ளை” என்றார். “நீங்க வந்துட்டுப் போனதா கடைக்காரன் சொன்னான். மறுநாளே நானும் போய்க் கேட்டேன். நேராத்தான் இருந்திச்சி. நல்லாவே இல்ல.”

தெரிந்தே செய்திருக்கிறார், பாவி! அறியாமல் பிடித்த அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் சோறு இறங்கியது எனக்கு. இனி அதுவும் இல்லை. அவரை இன்னும் பிடிக்கவில்லை. முன்னைவிட அதிகமாகவே பிடிக்கவில்லை.

மகள் போனை என் பக்கம் திருப்பினாள். குத்திக்காட்டவில்லை, அறிந்துகொள்ளத்தான் கேட்டாள். “அப்பா, நீங்களும் அதே டேப்தானே கேட்டீங்க? அந்த ஆட்டம் ஒங்களுக்குப் பிடிக்கலியா?”

“பிடிச்சிச்சி” என்றேன். “தப்புன்னு நெனச்சி என் வாசிப்புலேருந்து எடுத்துட்டேன்.”

அதையும் அவள் படம் பிடித்துவிட்டாள்.