முழுக்கைச் சட்டை

பஞ்சு மூட்டை மேலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டவன் போடிநாயக்கனூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இலவம் பஞ்சு ஏற்றிய லாரியின் உச்சியில் திருட்டுத்தனமாக ஏறி உட்கார்ந்து சவாரி போனேன். பள்ளத்தில் லாரி குலுங்கியதும் மூட்டைகளோடு நானும் சரிந்தேன். மூட்டைகள் முதலில் விழுந்திருந்தால் மெத்தையில் விழுந்த மாதிரி எழுந்து போயிருப்பேன். எதிலும் முந்தாத நான் அதில் மட்டும் முந்திக்கொண்டேன். வலது முழங்கை போயிற்று. நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து எண்ணெய்க் கட்டுப் போட்டார். கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் மடங்கின வாக்கிலேயே கூடியிருந்தது. எவ்வளவு முயன்று நீட்டினாலும் அரிவாள் மாதிரி ஒரு வளைவு மிச்சம் நிற்கும். சோறு தின்னவோ சைக்கிள் ஓட்டவோ அதனால் தொந்தரவு இல்லை. ஆகவே வெகுகாலம் நான் அதைப் பற்றி நினைத்ததே கிடையாது.

நினைக்க வைத்தது மதுரை. போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பஸ் ஏறிப் போனேன். ஓடச் சொன்னார்கள், ஓடினேன். உயரம் சரியாக இருந்தது, மார்பும் சரியாக இருந்தது. கடைசியில் எங்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி, "கையை நீட்டு" என்றார் ஒருவர். அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

"நல்லா நீட்டு."

நீட்டினேன்.

"இன்னும்."

இன்னும் என்றால் எங்கே போவது? கையிலிருந்த பிரம்பால் என் முழங்கையை லேசாகத் தட்டி, "நீ போகலாம்" என்றார். அடி என்றுகூடச் சொல்ல முடியாது, வெறும் தட்டுதான். வரிசையில் யாராவது சிரித்தார்களா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டில் உயரம் பத்தவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு ஏலக்காய்க் கடை ஒன்றில் சலிப்பதும் நிறுப்பதுமாக வேலைக்குச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வற்றிய கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடுவார்கள். சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு அண்ணன்தான் எங்கள் அணிக்குக் கேப்டன். ஒரு நாள் ஆள் குறைகிறது என்று என்னைப் பந்து போடச் சொன்னார். போட்டேன். மேட் என்று தரையில் ஆணியடித்து விரித்திருந்த தேங்காய் நார் விரிப்பில் பட்டதும் பந்து யாரும் எதிர்பாராத விதமாக உள்பக்கம் திரும்பி ஸ்டம்பைச் சாய்த்தது. இன்னொன்று போடச் சொன்னார்கள். அதுவும் திரும்பியது. எப்படித் திரும்புகிறது என்று எனக்கே தெரியாது. மதுரையில் வேண்டாம் என்று தள்ளிய கையை ஊரில் தோளில் தட்டிக் கொண்டாடினார்கள். அன்று இரவு அந்தக் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

எமர்ஜென்சி முடிந்து வந்த கோடையில் சுற்றுவட்டாரத்து அணிகள் எல்லாம் கூடி ஒரு லீக் நடத்தினோம். அம்பயருக்கென்று தனியாக ஆள் வைக்க எங்களுக்கு ஏது வசதி? பேட் செய்கிற அணியிலேயே அவுட் ஆகி வந்தவர்களும் முறைக்காகக் காத்திருப்பவர்களும்தான் அம்பயராக நிற்பார்கள். ஒருவர் ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பார். இன்னொருவர் பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி நிற்பார். அவரை லெக் அம்பயர் என்போம். ஆக, பந்து போடுகிறவனுக்கு நீதிபதிகள் இருவருமே எதிராளிகள். அந்த வருஷம் வரைக்கும் அது எனக்கு உறைக்கவில்லை.

லீக்கின் முதல் வாரம், எங்களுக்கு ஆட்டம் இல்லாததால் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். சிலமலைப் பக்கத்திலிருந்து வந்த அணியில் ஒருவன் வேகமாகப் போட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று லெக் அம்பயர் தன் இடத்தை விட்டு நடந்து வந்தார். ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவரின் காதில் ஏதோ சொன்னார். அடுத்த பந்துக்கு நோ பால் என்று கை நீண்டது. அதற்கடுத்ததற்கும் நீண்டது. "கைய மடக்கி எறியிறான்" என்றார் லெக் அம்பயர், எல்லாருக்கும் கேட்கும்படி. கரையில் உட்கார்ந்திருந்த கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. "எறியிறான், எறியிறான்" என்று கைதட்டிக் கத்தியது. அவனுடைய கேப்டனே பந்தை வாங்கிக்கொண்டார். அவன் ஒரு கருவேல மரத்தடியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தவன் ஆட்டம் முடியும் வரை திரும்பவில்லை. மறு வாரம் அவன் வரவே இல்லை. சந்தையில் மாங்காய்க் கூடை இறக்கிக்கொண்டிருந்த அவனைப் பார்த்துக் கடைக்காரர் ஒருவர், "எறியாம எறக்குப்பா" என்றார். அவன் சிரித்து வைத்தான். நான் என் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

கையை மடக்கிப் போட்டால் எறிதல். என் கை எப்போதும் மடங்கித்தான் இருக்கிறது. அப்படியென்றால் நான் போட்ட பந்தெல்லாம் எறிந்ததுதானே? சட்டம் என்ன சொல்கிறது என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்குக் கேட்கிறாய் என்பார்கள். அந்த பயத்தில் கேட்கவில்லை.

கேட்பதற்குப் பதிலாக இரண்டு முழுக்கைச் சட்டை தைத்தேன். கொஞ்சம் தொளதொளவென்று வைக்கச் சொன்னேன். மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் கண்மாய்க்குள் இறங்கினேன். "என்ன மாப்ளே, பொண்ணு பாக்கப் போறியா?" என்று கேலி செய்தார்கள். வெயில் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். மாடு மேய்த்த தோல் அது, நம்புவார்களா? 'முழுக்கை' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். போகட்டும், 'எறி' என்று கட்டாதவரைக்கும் சரி.

சனிக்கிழமை சாயங்காலமே பயம் தொடங்கிவிடும். சோறு இறங்காது. ஞாயிறு காலை எதிரணி வந்து இறங்கியதும் நான் அவர்களுடைய பேட்ஸ்மேன்களைப் பார்க்க மாட்டேன். யார் லெக் அம்பயராக வருவான், அவனுக்குக் கண் எப்படி என்றுதான் பார்ப்பேன். கண்ணாடி போட்டவன் வந்தால் ஒரு நிம்மதி. பிறகு, கண்ணாடி போட்டவனுக்குத்தானே நன்றாகத் தெரியும் என்று தோன்றி அந்த நிம்மதியும் போய்விடும். அவன் காதைச் சொறியக் கையைத் தூக்கினால்கூட எனக்கு நெஞ்சு நின்றுவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

யாரும் கையைக் கவனிக்க நேரம் கொடுக்கக்கூடாது என்று மூச்சு வாங்க ஓடிவந்து, ஓவரை வெரசாக முடித்துவிடுவேன். பேட்ஸ்மேன் நிமிர்வதற்குள் அடுத்த பந்து வந்துவிடும். அதில் தடுமாறி விக்கெட் விழுந்தது. என் ஊரில் என்னைத் தைரியமான பௌலர் என்றார்கள். விக்கெட் விழ விழ ஆட்கள் என்னைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். நாலு பேர் பார்த்தால் ஒருவன் கண்டுபிடிக்காமலா போவான்? பேசாமல் நின்றுவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். நின்றால் மிச்சம் ஏலக்காய் சல்லடைதான். எனக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. அதை நானாக விடுவதற்கு மனம் வரவில்லை.

கடைசி ஆட்டம் மலை மேலே, போடிமெட்டு தாண்டி ஒரு எஸ்டேட் மைதானத்தில். ஜீப்பில் ஒருவர் மடியில் ஒருவராக ஏறிப் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் மற்றவர்கள் பள்ளத்தைப் பார்த்துச் சாமி கும்பிட்டார்கள். நான் வேண்டிக்கொண்டதெல்லாம் குளிர் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான். குளிரில் எல்லாரும் முழுக்கை போடுவார்கள், என்னை யார் பார்ப்பார்கள்? வேண்டுதல் பலித்தது. எஸ்டேட் அணி முழுக்க ஸ்வெட்டரில் நின்றது. சீசன் தொடங்கிய பிறகு முதல் முறையாக ஆட்டத்தன்று பசித்தது. மத்தியானம் தக்காளிச் சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

நாங்கள் முதலில் ஆடி முடித்தோம். அவர்கள் ஆட இறங்கியதும் மேற்கே ஏலத்தோட்டத்துப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தது, மலையில் அதை மஞ்சு என்பார்கள். கூடவே சாரல். நான் ஓவர் போடத் தொடங்கியபோது சட்டை நனைந்து கையோடு ஒட்டிக்கொண்டது. தொளதொளவென்று தைத்தது என்ன பிரயோசனம்? குனிந்து பார்த்தேன். முழங்கை வளைவு அப்படியே அச்சாகத் தெரிந்தது. உதறிவிட்டேன், மறுபடி ஒட்டியது.

"டேய் முழுக்கை, வெரசா போடு, மழ பெருசா வந்துரும்" என்று கேப்டன் கத்தினார்.

அந்த நேரம் லெக் அம்பயராக நின்றவர் எஸ்டேட்டில் ஸ்டோர் பார்க்கிறவர், மலையாளம் கலந்து தமிழ் பேசுகிறவர். ரன் எடுக்காமல் அவுட் ஆனவர், குரங்குக் குல்லாய்க்குள் முகம் மட்டும் தெரியும். அவர் வெகுநேரம் என் பக்கமே பார்ப்பதாக எனக்குப் பட்டது. இரண்டு பந்து போட்டேன். மூன்றாவதுக்குத் திரும்பி நடந்து, ஓட ஆரம்பிக்கும் இடத்தில் நின்று நிமிர்ந்தேன். அவர் தன் இடத்தை விட்டுக் கிளம்பியிருந்தார். மஞ்சுக்குள் நிதானமாக ஆடுகளத்தை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் ஏதோ வைத்திருந்தார்.

சிலமலைக்காரன் முதுகு ஞாபகம் வந்தது. காதில் சொல்லப் போகிறார். நோ பால் விழப் போகிறது. இந்த ஆட்கள் முன்னால், என் ஊர்க்காரர்கள் முன்னால். என் கால்கள் என்னைக் கேட்காமலே ஓடின. அவரை நடுவழியில் மறித்தேன்.

"அண்ணே, வேணும்னு எறியலண்ணே. சின்ன வயசுல ஒடஞ்ச கைண்ணே. இதுக்கு மேல நீளாதுண்ணே. நோ பால் குடுத்துறாதீங்கண்ணே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினார். ஒரு கல்.

"எந்தா தம்பி? மேட் ஆணி வெளிய வந்து நிக்கிது. அடிக்க வந்தேன்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானே கூவி முடித்திருந்தேன். கோடை முழுக்க வேர்வையில் வெந்து மறைத்ததை, கேட்காத ஆளிடம் அரை நிமிஷத்தில் ஒப்பித்துவிட்டேன். பேட் செய்துகொண்டிருந்த அவர்கள் கேப்டனுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. "என்னது, எறியிறானா? இவ்வளவு நேரம் எறிஞ்சானா?" என்று மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் ஆட்களும் ஓடி வந்தார்கள். எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். 

ஸ்டோர்க்காரர் கல்லைக் கீழே வைத்தார். என்னிடம் திரும்பினார்.

"கையை நீட்டு."

அதே வார்த்தை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஈரச் சட்டையின் பொத்தானைக் கழற்றித் தோள்வரை சுருட்டி, கையை நீட்டினேன். அவர் ஒரு கையால் மணிக்கட்டையும் இன்னொரு கையால் முழங்கையையும் பிடித்து இழுத்தார். வலியில் முனகினேன். இன்னும் கொஞ்சம் இழுத்தார். கை வரவில்லை.

"இத்தனதானா?"

"இத்தனதாண்ணே."

அவர் தன் கேப்டனைப் பார்த்து, "எறியணும்னா மடங்குன கை நீளணும். இது நீளவே மாட்டேங்குது, இவன் எங்கிட்டு எறிவான்? சாரமில்ல, பரவால்ல, போடட்டும்" என்றார். சொல்லிவிட்டுக் கல்லை எடுத்துக்கொண்டு போய் ஆணியை இரண்டு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். எத்தனையோ சனிக்கிழமை சோறு இறங்காமல் கிடந்த விஷயம் அந்த ஆணியோடு முடிந்துபோனது. அவர் சொன்னது சட்டமா, அவராகச் சொன்ன நியாயமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர்கள் கேப்டன் மட்டும் விடவில்லை. "சட்டைக் கைய எறக்கக்கூடாது. நாங்க பாக்கணும்" என்றார்.

மிச்சமிருந்த பந்துகளை அப்படியே போட்டேன். மைதானத்தில் இருந்த அத்தனை கண்ணும் என் முழங்கையில் இருந்தது. பயம் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. கை மரத்துப்போய் ஒரு பந்து வைடாகப் போனது, ஒன்றைப் பேட்ஸ்மேன் தேயிலைச் சரிவுக்குள் அடித்தார். விக்கெட் விழவில்லை. ஆனால் யாரும் கத்தவில்லை, யாரும் கைதட்டவில்லை. ஓவர் முடிந்து பந்தைக் கேப்டனிடம் நீட்டினேன், இனி எனக்குக் கிடையாது என்ற நினைப்பில். அவர் அதை வாங்கி, வேட்டியில் ஈரம் போகத் துடைத்துவிட்டு, "ஒனக்கு அடுத்த தடவ வரும்போது அந்தப் பக்கத்துலருந்து போடு. காத்து ஒத்தாசையா இருக்கும்" என்றார்.

தோற்றுவிட்டோம். இறங்கும்போது ஜீப்பின் பின்பக்கம் திறந்து கிடந்தது. மஞ்சு உள்ளே புகுந்து அடித்தது. துண்டு வைத்திருந்தவர்கள் எல்லாம் தலையோடு போர்த்திக்கொண்டார்கள். கேப்டன் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மொதல்லயே சொல்லித் தொலச்சிருந்தா அந்த வெயில்ல அரைக்கையாச்சும் போட்டுருப்பியேடா" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆட்டந்தான் முடிஞ்சிருச்சே, சட்டைக் கைய எறக்கி விடு. குளுரலையா?" என்று கேட்டார்.

"குளுருதுண்ணே" என்றேன்.

போடி வந்து சேரும் வரைக்கும் நான் அதை இறக்கவில்லை.