வீரணனும் நானும் வாத்தியாரான வருஷம்

போன வாரம், நான் வேலை பார்த்த கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம். அனுபவத்தைப் பேசச் சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஏசி அறை, இடைவேளையில் கேசரி. பலகையில் எழுத மார்க்கர் மூடியைத் திறந்தேன். குப்பென்று ஸ்பிரிட் வாடை, ஊசி போடுமுன் நர்ஸ் தேய்க்கிற பஞ்சு மாதிரி. எழுபதுகளின் கடைசியில், முதல் வகுப்புக்குப் போன அன்றும் ஊசிக்கு நிற்கிற பிள்ளை மாதிரித்தான் நின்றேன்.

எங்களுக்குக் கிடைத்த பயிற்சி மொத்தமும் ஒரே வாக்கியம். பொருளாதாரத் துறைத் தலைவர் சாக்பீஸ் பெட்டியை நீட்டி, "பயப்படாமப் போங்க தம்பி, பயலுக கடிச்சுற மாட்டாங்க" என்றார். கடித்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் கடைசி பெஞ்சில் ஒருவன் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தினான். பிறகு மந்தையே கத்தியது. மணி அடிக்கும்வரை பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தேன். அன்று பாடம் நடத்தியது என் முதுகுதான்.

அடுத்த அறையில், என்னோடு அதே நாளில் சேர்ந்த வீரணன். திருவாதவூர்க்காரன். வீட்டில் எல்லாரும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். கல்லூரி வாசலை மிதித்தவன் அவன் ஒருவன்தான். இங்கிலீஷில் நடத்த வேண்டும், அவனுக்கோ நாலு வார்த்தைக்கு மேல் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். ஓடிப்போய்க் காப்பாற்றலாம் என்றால், என் மந்தையை யார் மேய்ப்பது?

"சொல்லிக்குடுக்க ஒரு ஆளு இல்ல மாப்ள. நாமளே பழகிக்கிருவோம்" என்றான். சாயங்காலம் அறை காலியானதும் ஒருவன் பாடம் நடத்துவான், மற்றவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சேட்டை பண்ணுவான். நான் விசிலடித்தேன், ஆடாகக் கத்தினேன். "இம்புட்டு நல்லாக் கத்துறியே, பேசாம அங்கனயே இரு" என்பான். ஒருநாள் முதல்வர் எட்டிப் பார்த்தபோது நான் பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தேன். அவர் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனதுதான் பெரிய பயமாக இருந்தது.

பொங்கலுக்குப் பிறகு வீரணனுக்குக் கூச்சம் போய்விட்டது. முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ விலை ஏன் ஏறுகிறது என்று ஆரம்பித்தான் என்றால் வகுப்பு மூச்சுவிடாது. பாதி இங்கிலீஷ், பாதி அவன் ஊர்ப் பேச்சு. அடுத்த அறையிலிருந்து என் வகுப்புப் பையன்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். நானும்தான்.

ஆனால் அவனுடையது, ஆராய்ச்சிக்காக விடுப்பில் போன ஒருவரின் இடம். கோடை விடுமுறைக்கு முன் அவர் திரும்பிவிட்டார். காலியான இன்னோர் இடத்துக்கு நிர்வாகக் குழுக்காரர் ஒருவரின் மருமகன் வந்தார். நான் துறைத் தலைவரிடம் போய், "வீரணன் அம்புட்டு நல்லா நடத்துறாரே சார்" என்றேன்.

அவர் மின்விசிறியைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியாதா தம்பி? என் கையில என்ன இருக்கு? ஒங்க வேலையும் இன்னும் நெரந்தரமாகல" என்றார்.

வீரணனை அனுப்பக் கூடாது என்று பையன்கள் ஒருநாள் வகுப்புக்கு வர மறுத்தார்கள். பரீட்சை நெருங்கவே மறுநாள் வந்துவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்ப மேலூர் பஸ்ஸில் ஏறும்போது வீரணன் சொன்னான்: "புதுசா வாரவரு மொத வகுப்புல தெணறுவாரு. கூட இரு மாப்ள."

பிறகு கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுத்தரானான். ஒரு கல்யாண வீட்டில் பார்த்து, "பாடம் கீடம் எடுக்குறியா?" என்றேன். "யாருக்கு?" என்று சிரித்தான். சில வருஷங்களுக்கு முன் இறந்துபோனான். எனக்குத் தெரியவே நாளாகிவிட்டது. முகம், நடை எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கிறது. அந்தக் குரலைத்தான் எத்தனை முயன்றும் மனசுக்குள் கேட்க முடியவில்லை.